பொத்தானை அழுத்தியாயிற்று, பாயிண்ட் திரும்பியதா?

மாதிரி ரயில் பாதை அமைப்பவர்கள் பாயிண்டை (வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அமைப்பை) தூரத்திலிருந்து திருப்பும் கட்டத்துக்கு வந்ததும் முதலில் பார்ப்பது எந்த மோட்டார், எத்தனை வோல்ட், என்ன விலை என்பதைத்தான். பாயிண்டில் அசையும் தண்டவாளமான நாக்கு ரெயில் நகர்ந்ததா, நகர்ந்து ஒட்டிச் சேர்ந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்வி, இரண்டு வண்டி தடம் புரண்ட பிறகே வரும். நிஜ ரயில்வேயில் இது தலைகீழ். அங்கே பாயிண்ட் மெஷினின் மூடியைத் திறந்தால் நகர்த்துவதற்கான பாகங்கள் கொஞ்சம்தான். நகர்ந்ததை உறுதி செய்யவும், நகர்ந்த இடத்திலேயே பூட்டி வைக்கவும் இருப்பவைதான் அதிகம். மாதிரிப் பாதைக்கு மோட்டார் வாங்கும் முன் அந்த மெஷினைக் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது.

நம் அகலப்பாதையில் பரவலாக இருக்கும் மின்சார மெஷினையே எடுத்துக்கொள்வோம். 110 வோல்ட் டி.சி. மோட்டார். திரும்பும்போது ஏறத்தாழ 5 ஆம்பியர் வரை இழுக்கும், சில வினாடிகளில் வேலையை முடிக்கும். மெஷினின் இயக்கத் தண்டு 143 மி.மீ. நகர்கிறது. நாக்கின் நுனி, அது வந்து ஒட்டும் அசையாத தண்டவாளமான ஸ்டாக் ரெயிலை விட்டு விலக வேண்டியதோ 115 மி.மீ.தான். மிச்சமுள்ள 28 மி.மீ. வீண் அல்ல. இணைப்புக் கம்பியின் நட்டுகளைத் தள்ளி வைத்து விடும் தளர்வு அது. அதைக் கூட்டியும் குறைத்தும்தான் இரண்டு பக்கமும் நாக்கு எவ்வளவு அழுத்தத்தோடு ஒட்ட வேண்டும் என்று அமைப்பார்கள். வேகம் கூடிய பாதைகளில் போடப்படும் தடித்த நாக்கு ரெயில்களுக்குத் திறப்பு 160 மி.மீ., நகர்வு 220 மி.மீ. அவற்றில் நாக்கையும் ஸ்டாக் ரெயிலையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும் கிளாம்ப் பூட்டும் உண்டு.

மோட்டார் ஒருமுறை ஓடி முடிப்பதற்குள் மூன்று காரியம் நடக்கிறது: பூட்டு விடுபடுகிறது, நாக்கு நகர்கிறது, மறுபக்கத்தில் பூட்டு விழுகிறது. இந்த மூன்றாவதில்தான் சூட்சுமம். இயக்கக் கம்பி தவிர, இரண்டு நாக்குகளிலிருந்தும் தனித்தனியாக இரண்டு மெல்லிய கம்பிகள் மெஷினுக்குள் வருகின்றன. அவை இழுக்கும் பட்டைகளில் வெட்டுகள் இருக்கும். இரண்டு நாக்கும் சரியான இடத்துக்கு வந்தால்தான் வெட்டுகள் நேராக நின்று பூட்டு உள்ளே இறங்கும். பூட்டு இறங்கினால்தான் டிடெக்ஷன் கான்டாக்ட், அதாவது நாக்கு சேர்ந்துவிட்டது என்று சொல்லும் மின்தொடர்பு, சேரும். மோட்டார் எவ்வளவு தூரம் சுற்றியது என்பதை யாரும் கேட்பதில்லை. இரண்டு நாக்குகளையும் இணைக்கும் ஸ்ட்ரெச்சர் பார் உடைந்து ஒன்று மட்டும் நகர்ந்திருந்தால், மோட்டார் முழு ஓட்டம் ஓடியிருந்தாலும் ரிலே ரூமுக்கு (சிக்னலைக் கட்டுப்படுத்தும் மின்காந்த சுவிட்சுகளான ரிலேக்கள் இருக்கும் அறைக்கு) செய்தி போகாது.

இதைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. நாக்கின் நுனியிலிருந்து 150 மி.மீ. தள்ளி, நாக்குக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே 5 மி.மீ. கனமுள்ள இரும்புத் துண்டை வைத்துப் பாயிண்டைத் திருப்ப வேண்டும். பூட்டு விழக்கூடாது, டிடெக்ஷன் கிடைக்கக்கூடாது, உராய்வு கிளட்ச் வழுக்க வேண்டும். மூன்றும் நடந்தால்தான் மெஷின் சரி. கிளட்ச் வழுக்கும்போது ஓடும் மின்னோட்டம் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் இருக்கும்படி வைப்பார்கள். அதைவிடத் தளர்வாக இருந்தால், நாக்கைத் தாங்கும் சறுக்கு நாற்காலிகள் எண்ணெயின்றிக் காய்ந்து நாக்கு கனத்துப்போன நாளில் பாதி வழியில் நின்றுவிடும். இறுக்கமாக இருந்தால் நடுவே கிடக்கும் ஜல்லியை நசுக்கப் பார்த்து, கம்பி வளையும் அல்லது மோட்டார் கருகும்.

ஜல்லிக்கல் சிக்குவதுதான் எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. அதைவிடத் தொல்லை தருவது மெதுவாக வருபவை. ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இறுகாமல் போனால் வண்டி போகும்போதெல்லாம் பாயிண்ட் ஏறி இறங்கும், கம்பி அளவு மாறும். வெயிலிலும் பிரேக் போடும் விசையிலும் தண்டவாளம் ஊர்ந்தால் இரண்டு நாக்கின் நுனிகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. அப்போது ஒரு பக்கம் டிடெக்ஷன் கிடைக்கும், மறுபக்கம் கிடைக்காது. காலையில் வேலை செய்த பாயிண்ட் மதியம் மக்கர் பண்ணுவதற்குப் பெரும்பாலும் இப்படி ஓரிரு மில்லிமீட்டர்தான் காரணம். மெஷினுக்குள் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

ரிலே ரூமின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஸ்டேஷன் மாஸ்டர் பேனலில் பாயிண்டின் பொத்தானையும் அதற்குரிய பொதுப் பொத்தானையும் சேர்த்து அழுத்துகிறார். உடனே மின்சாரம் போய்விடுவதில்லை. அந்தப் பாயிண்ட் மேல் வண்டி நிற்கவில்லை என்று டிராக் சர்க்யூட் (தண்டவாளத்தில் மின்சாரம் விட்டு வண்டி இருப்பதை அறியும் அமைப்பு) சொல்ல வேண்டும். அந்த வழியாக ஏற்கெனவே எந்த ரூட்டும் பூட்டப்பட்டிருக்கக் கூடாது. கையால் சுற்றும் கிராங்க் ஹேண்டில் அதன் இடத்தில் இருக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் மோட்டாருக்கு மின்சாரம் விடும் கான்டாக்டர் எடுக்கும், மோட்டார் ஓடும். (மின்சாரம் வந்து சுவிட்ச் இழுபட்டால் ‘எடுத்தது’, மின்சாரம் நின்று விடுபட்டால் ‘விழுந்தது’ என்பார்கள்.) பூட்டு விடுபட்ட நொடியிலேயே பழைய நிலைக்கான ரிலே விழுந்துவிடும். புதிய நிலைக்கான ரிலே பூட்டு விழுந்த பிறகுதான் எடுக்கும். நடுவில் இருக்கும் சில வினாடிகளுக்கு இரண்டு ரிலேயும் விழுந்தே கிடக்கும். பேனலில் விளக்கு மினுக்கும், எந்த சிக்னலும் வராது. குறிப்பிட்ட நேரத்துக்குள் புதிய ரிலே எடுக்காவிட்டால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் வெட்டப்படும். பிறகு ஆள் போய் கிராங்க் ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டியதுதான். ஹேண்டிலைச் செருகியதும் மோட்டார் இணைப்பு தானாகவே அறுந்துவிடும். இல்லாவிட்டால் கேபினில் யாராவது பொத்தானை அழுத்த, சுற்றுகிறவர் கை முறியும்.

இரண்டு ரிலேயும் விழுந்திருந்தால் ஆபத்து பக்கம் என்று எடுத்துக்கொள்வதே இந்த அமைப்பின் அடிப்படை. ஒரே ஒரு ரிலே வைத்து, எடுத்தால் நேர், விழுந்தால் வளைவு என்று வைத்திருந்தால் ஒரு ஒயர் அறுந்தாலும் வளைவு என்றே காட்டும். மாதிரிப் பாதைகளில் முக்கால்வாசிப் பேர் செய்வது அதைத்தான்.

சர்க்யூட்டில் கை வைத்தால் இந்தப் பாதுகாப்பெல்லாம் எப்படிச் செல்லாக்காசாகும் என்பதற்கு 2023 ஜூன் 2 சாட்சி. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு ஒடிசாவின் பஹாநகா பஜார் நிலையத்தில் மெயின் லைனில் நேராகப் போகப் பச்சை விழுந்தது. இரண்டு தடங்களை இணைக்கும் ஜோடிப் பாயிண்டான 17ஏ/பி கிராஸ்ஓவரோ லூப் லைனுக்கு (மெயின் லைனை ஒட்டிய பக்கத் தடத்துக்கு) திரும்பியிருந்தது. லூப்பில் நின்ற சரக்கு வண்டியில் மோதி, 290க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன காரணம் மெஷின் கோளாறு அல்ல. வடக்குப் பக்க சிக்னல் கும்டியில் (சிக்னல் கருவிகள் இருக்கும் சிறு அறையில்) முன்பு செய்த சர்க்யூட் மாற்றத்திலும், 94ஆம் எண் லெவல் கிராசிங்கின் மின்சாரத் தடுப்பை மாற்றும் வேலையிலும் நடந்த பிழைகள். வயரிங்கை மாற்றினால் ஒருவர் பேனலிலும் இன்னொருவர் பாயிண்டின் பக்கத்திலும் நின்று, ஒவ்வொரு நிலையாகத் திருப்பி, கண்ணால் பார்ப்பதும் விளக்கு சொல்வதும் ஒன்றா என்று ஒத்துப்பார்த்தே ஆக வேண்டும். மேசை மேல் ஓடும் ரயிலுக்கும் இதே சோதனைதான், செலவில்லாதது.

பல மைல் தள்ளியிருக்கும் பாயிண்டை ஒரே இடத்திலிருந்து திருப்புவது புதிதல்ல. அமெரிக்காவில் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே 1927இல் ஒஹாயோவின் ஸ்டான்லி முதல் பெர்விக் வரை சுமார் 40 மைல் தூரத்தை ஒரே பேனலில் கட்டுப்படுத்தத் தொடங்கியது. எம்.ஐ.டி. மாணவர்களின் மாதிரி ரயில் கிளப் இதே வேலைக்குத் தொலைபேசி நிலையத்து ரிலேக்களைப் பயன்படுத்தியது தனிக்கதை.

இனி மேசைக்கு வருவோம். எச்.ஓ. என்ற மாதிரி ரயில் அளவு, நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. 115 மி.மீ. திறப்பு அங்கே 1.3 மி.மீ. ஆகிறது, 5 மி.மீ. சோதனைத் துண்டு 0.06 மி.மீ. ஆகிறது. ஒரு ஏ4 தாளே அதைவிடக் கனம். அந்தத் துல்லியம் யாருக்கும் வேண்டாம். விசிட்டிங் கார்டு ஒன்றை, சுமார் 0.3 மி.மீ., நாக்குக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே வைத்துத் திருப்பிப் பாருங்கள். உங்கள் பேனல் விளக்கு 'சேர்ந்துவிட்டது' என்று காட்டினால் அந்த விளக்கை நம்பாதீர்கள்.

மோட்டார் வகைகளில் பழையது இரட்டைச் சுருள். பீகோ நிறுவனத்தின் பிஎல்-10 இந்த வகை. இரண்டு சுருள்கள், நடுவே ஒரு இரும்புத் தண்டு, எந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறதோ அந்தப் பக்கம் தண்டு பாயும். சுருளின் தடை சுமார் 4 ஓம்தான். 16 வோல்ட் டி.சி. கொடுத்தால் 4 ஆம்பியர், அதாவது 64 வாட். விரல்நுனி அளவுச் சுருளில் இது ஒரு வினாடிக்கு மேல் நின்றால் புகைதான். பொத்தான் ஒட்டிக்கொள்வது, குழந்தை அழுத்திப் பிடித்துக்கொள்வது என்று அதற்கு வழிகள் நிறைய. ஆகவே கெப்பாசிட்டர் வைத்து அடிக்கும் சர்க்யூட் இல்லாமல் இந்த வகையைத் தொடவே வேண்டாம்.

அந்த சர்க்யூட்டுக்கு வேண்டியவை சொற்பம். 16 வோல்ட் ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 100 ஓம் 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர், 4700 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கெப்பாசிட்டர், அதன் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டையோடு. ரெக்டிஃபை செய்த பிறகு 21 வோல்ட் அளவில் கிடைக்கும். கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 1 ஜூல் சேரும், ஒரு பிஎல்-10ஐ அடித்துத் தள்ள அது தாராளம். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் 100 ஓம் வழியாக 0.2 ஆம்பியர்தான் சுருளுக்குப் போகும், சுருள் சூடுகூட ஏறாது. அந்த நேரத்தில் ரெசிஸ்டரில் 4 வாட் எரியும் என்பதால்தான் 10 வாட் சொன்னது. கெப்பாசிட்டர் மறுபடி நிரம்ப ஒன்றரை வினாடி ஆகும். கிராஸ்ஓவரின் இரண்டு பாயிண்டையும் ஒரே பொத்தானில் திருப்பினால் சக்தி பாதியாகப் பிரியும். இன்னொரு 4700ஐப் பக்கத்தில் இணையுங்கள். 25 வோல்ட் கெப்பாசிட்டர் விலை குறைவு என்று போடுகிறவர்கள் உண்டு. லோடு இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே கொடுக்கும், அதனால் வேண்டாம்.

சர்க்யூட் சரியாக இருந்தும் கடைசிப் பாயிண்ட் மட்டும் பாதியில் நின்றால் ஒயரைப் பாருங்கள். 0.1 சதுர மி.மீ. தொலைபேசி ஒயர் மீட்டருக்கு 0.17 ஓம். பாயிண்ட் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போகவர 10 மீட்டர், 1.7 ஓம். 4 ஓம் சுருளுக்குப் போக வேண்டிய வோல்டேஜில் 30 சதவீதம் ஒயரிலேயே போய்விடும். 0.5 சதுர மி.மீ. ஒயரில் இதே நஷ்டம் 8 சதவீதத்துக்குள் அடங்கும். எல்லாப் பாயிண்டுக்கும் பொதுவான திரும்பு ஒயரை இன்னும் தடிமனாகப் போடலாம். நிஜப் பாதையிலும் இதுதான் நடக்கிறது. தூரத்துப் பாயிண்டுக்குக் கேபிளின் பல கோர்களைச் சேர்த்துக் கட்டித்தான் 110 வோல்டைக் கொண்டுபோகிறார்கள்.

அடுத்த வகை, மெதுவாக நகர்ந்து முட்டி நின்றுகொள்ளும் மோட்டார். சர்க்யூட்ரான் நிறுவனத்தின் டார்ட்டாய்ஸ் இதில் பெயர் பெற்றது. 12 வோல்ட் டி.சி., முட்டி நிற்கும்போதுகூட 16 மில்லி ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். ஆகவே மின்சாரத்தை நிறுத்தவே வேண்டாம், துருவத்தை மாற்றினால் திரும்பும். எட்டு முனைகளில் 1, 8 மோட்டாருக்கு. 4ஐப் பொதுவாகக் கொண்டு 2, 3 ஒரு சுவிட்ச். 5ஐப் பொதுவாகக் கொண்டு 6, 7 இன்னொன்று. பீகோ பாயிண்டின் உள்ளே நாக்கைச் சொடுக்கிப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங் இருக்கும், இந்த மோட்டாருக்கு அதைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் மோட்டார் நடுவழியில் திணறும் அல்லது நாக்கு கடைசி நொடியில் படக்கென்று பாயும்.

இதில் அடிக்கடி வரும் கோளாறு மோட்டாரில் இல்லை, நாக்கைத் தள்ளும் ஸ்பிரிங் கம்பியில் இருக்கிறது. கம்பியின் நீளம் இரட்டித்தால் அதே வளைவில் அது தரும் விசை எட்டில் ஒரு பங்காகக் குறையும். தடித்த பிளைவுட், அதன் மேல் நுரைப்பலகை, அதன் மேல் கார்க் என்று அடுக்கினால் கூட வரும் கம்பி போதாது. 0.8 மி.மீ. பியானோ கம்பிக்கு மாறுவதுதான் வழி. மாறாவிட்டால் மோட்டார் முழுதாகத் திரும்பியிருக்கும், நாக்கு அரை மில்லிமீட்டர் விலகி நிற்கும்.

பேனல் விளக்கின் பொய் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு எல்.இ.டி.யை எதிரெதிர் திசையில் ஒன்றுக்கொன்று இணையாகச் சேர்த்து, அந்த ஜோடியை டார்ட்டாய்ஸின் ஒயரிலேயே மோட்டாரோடு தொடரில் இணைத்து விளக்காக்குவது பரவலான வழக்கம். ஒயர் மிச்சம், 2 வோல்ட் மட்டுமே நஷ்டம். ஆனால் அந்த விளக்கு சொல்வது நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதை மட்டும்தான். மோட்டாரின் உள் சுவிட்சிலிருந்து எடுத்தால் ஒரு படி மேல், மோட்டார் எங்கே நிற்கிறது என்று தெரியும். நாக்கு எங்கே நிற்கிறது என்பதை அதுவும் சொல்லாது. அதற்கு டை பாரின் (இரண்டு நாக்குகளையும் இணைக்கும் பட்டையின்) மறுமுனையில், மோட்டாருக்கு எதிர்ப்பக்கம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மைக்ரோசுவிட்ச் வேண்டும். நாக்கு ஒட்டுவதற்கு கால் மில்லிமீட்டருக்குள் வரும்போதுதான் சுவிட்ச் அழுந்தும்படி திருகி வையுங்கள். ஒன்று அழுந்தினால் பச்சை, மற்றது அழுந்தினால் மஞ்சள். இரண்டும் அழுந்தாவிட்டால் எதுவும் எரியக்கூடாது. இரண்டும் அழுந்தியிருந்தால் வயரிங் தப்பு. கார்டுச் சோதனையை இங்கே செய்து பாருங்கள்.

கணினியில் படிக்க வேண்டுமென்றால் பாயிண்டுக்கு இரண்டு பிட். 74எச்சி165 சிப் ஒன்று எட்டு உள்ளீடு எடுக்கும், அதாவது நான்கு பாயிண்ட். பன்னிரண்டு பாயிண்டுக்கு மூன்று சிப், ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர். கட்டளை கொடுத்து 3 வினாடிக்குள் எதிர்பார்த்த பிட் வராவிட்டால் விளக்கை மினுக்கி, அந்தப் பாயிண்டை நோக்கி வரும் பகுதியின் மின்சாரத்தை வெட்டச் சொல்லுங்கள். ரிலே ரூமில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைப்பது என்பதால் இங்கே பலரும் போவது எஸ்ஜி90 சர்வோவுக்கு, அதாவது மின்துடிப்பின் அகலத்துக்கேற்ப கை திரும்பும் சிறு மோட்டாருக்கு. 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை துடிப்பு, 1.5 மில்லிசெகண்ட் அகலம் என்றால் நடு. நடுவிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் போதும், முழு வீச்சு கொடுத்தால் டை பார் உடையும். முட்டி நின்றால் ஒவ்வொரு சர்வோவும் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எட்டு சர்வோவை அர்டுயினோ போர்டின் 5 வோல்ட் முனையில் தொங்கவிட்டு, போர்டு தானாக ரீசெட் ஆகிறது என்று புலம்புவதில் பயனில்லை. தனி 5 வோல்ட் சப்ளை, ஒவ்வொரு சர்வோவின் பக்கத்திலும் 470 மைக்ரோஃபாரட், ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பும் நிரல். நகர்ந்து முடிந்ததும் துடிப்பை நிறுத்திவிட்டால் ரீங்காரம் அடங்கும். மின்சாரம் போட்ட கணத்தில் சர்வோ உதறுவதுதான் இதன் பெரிய குறை. வண்டி நாக்கின் மேல் நிற்கும்போது உதறினால் தடம் புரளும். கட்டுப்பாட்டு போர்டு எழுந்து துடிப்பு சீரான பிறகு சர்வோக்களுக்கு ரிலே வழியாக மின்சாரம் கொடுப்பது இதற்கு ஓரளவு மருந்து.

உலோகத் தவளை (இரண்டு தடங்களின் தண்டவாளங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் துண்டு) உள்ள பாயிண்டில் இன்னொரு சிக்கல். தவளையின் துருவம் நாக்கோடு சேர்ந்து மாற வேண்டும். நாக்கு பழைய ஸ்டாக் ரெயிலை விட்டு விலகும் முன்பே சுவிட்ச் மாறினால் ஷார்ட். டி.சி.யில் ஒரு பொறி தெறிப்பதோடு போகும், தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி முறையில், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டரோ உடனே வெட்டிவிடும். நாக்கை அதனதன் ஸ்டாக் ரெயிலோடு ஒயர் போட்டு இணைத்து, தவளையை இரு பக்கமும் துண்டித்துத் தனியாக்கி, நடுத்தூரத்தில் மாறும் சுவிட்சால் ஊட்டினால் இந்தத் தொல்லை ஒழியும்.

டிசிசி அமைப்பில் கடைசியாக ஒரு கண்ணி. கட்டளையைப் படித்துப் பாயிண்டைத் திருப்பும் டிகோடருக்கு மின்சாரத்தையும் கட்டளையையும் தண்டவாளத்திலிருந்தே எடுப்பது சுலபம் என்று தோன்றும். தப்பாகத் திரும்பியிருக்கும் பாயிண்டுக்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து வண்டி நுழைகிறது, தவளையில் ஷார்ட் ஆகிறது, பூஸ்டர் வெட்டுகிறது. இப்போது பாயிண்டைச் சரியாகத் திருப்பினால் ஷார்ட் போய்விடும். ஆனால் டிகோடருக்கு மின்சாரமும் இல்லை, கட்டளையும் போகாது. வண்டியைக் கையால் தூக்கி வைக்க வேண்டியதுதான். பாயிண்டுகளுக்கென்று தனி பூஸ்டரும் தனி ஜோடி ஒயரும் போட்டால் இந்த முட்டுச்சந்து வராது. மைக்ரோசுவிட்ச் செய்தியும் தண்டவாளத்தில் திரும்பி வராது. அதற்கு எஸ்88, லோக்கோநெட் போன்ற தனி பஸ்ஸை (செய்தி கொண்டுவரும் ஒயர் வழியை) முதலிலேயே திட்டத்தில் சேர்த்து, மேசைக்கு அடியில் ஒயர் இழுக்கும்போதே பாயிண்டுக்கு மூன்று கூடுதல் ஒயர் விட்டு வையுங்கள்: இரண்டு சுவிட்சுக்கு, ஒன்று பொதுவுக்கு.